பாஸ் பாறையிற் கண்டது

பயணக் கட்டுரை எழுதுவோர் இரு வகையினர். சென்ற இடங்களையெல்லாம் வரிசைப்படுத்தி, உண்ட உணவையும் உறங்கிய விடுதியையும் விடாது கூறி, படிப்போரையும் தம்மோடு களைப்புறச் செய்வோர் ஒரு வகையினர். ஓரிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆங்குத் தாம் கற்றதைக் கூறி அமைவோர் மற்றொரு வகையினர். நம் கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதிக்கு யாதேனும் எழுதித் தருமாறு பத்திராசிரியர் கேட்டபோது, யாம் இரண்டாம் வகையினரோடு சேர்ந்துகொள்வதென்று துணிந்தோம். 2024ஆம் ஆண்டு மே மாத இறுதி முதல் ஐந்து வாரகாலம் ஸ்காட்லாந்து தேசத்தில் தங்கியிருந்தோம். கோட்டைகளையும் ஏரிகளையும் கண்டோம். அவற்றைக் குறித்து எழுதுதற்குப் பிறர் பலர் உளர். யாம் எழுதப் புகுவது ஒரு பாறையைக் குறித்தும், அதனைச் சுற்றிப் படகிற் சென்ற சிறிது பொழுதைக் குறித்துமேயாம்.

முதற்கண் எம்மைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். இக்கல்லூரியில் யாம் மாணாக்கராயிருந்த காலத்தே, விலங்கியல் ஆசிரியர் ஒருவர் ஒருநாள் விடியற்காலையில் எம்மைக் குளக்கரைக்கு அழைத்துச் சென்று முக்குளிப்பான் ஒன்றைக் காட்டினார். அது நீரில் மூழ்கியது, எழுந்தது, மறுபடி மூழ்கியது. அன்று பற்றிய பித்து இன்றுவரை எம்மை விடவில்லை. வேலையில் அமர்ந்தபின் கிடைத்த விடுமுறைகளிலெல்லாம் தூரதிருஷ்டிக் கண்ணாடியைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவோம். வேடந்தாங்கல், கூந்தன்குளம், கோடியக்கரை என்று யாம் செல்லாத நீர்நிலை அரிது. கண்ட பறவையினங்களை ஒரு குறிப்பேட்டில் எண்ணிட்டு எழுதி வந்தோம். எண்ணிக்கை முந்நூற்றைக் கடந்தபோது எமக்கு உண்டான பெருமிதத்தை இப்பொழுது நினைப்பினும் நாணம் உண்டாகின்றது.

நாணம் ஏன் எனின், அம்முப்பது ஆண்டுகளிலும் எம் மனைவியாரை ஒருமுறையேனும் உடன் அழைத்துச் சென்றோமல்லோம். நாலு மணிக்கே எழுந்து புளிச்சோறு கட்டிக் கொடுப்பவர் அவர். பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புபவர் அவர். ஒருமுறை மகளுக்குச் சுரம் கண்டிருந்த நாளிலும் கோடியக்கரைக்குச் சென்றுவிட்டோம். திரும்பி வந்து, அங்குக் கண்ட பூநாரைக் கூட்டத்தைப்பற்றி ஒரு நாழிகை பேசினோம். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். சுரம் எப்பொழுது தணிந்தது என்று யாம் கேட்டதாக எமக்கு நினைவில்லை.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் பெருந்தொற்று எம் வீட்டிலும் புகுந்தது. எமக்கு இலேசான காய்ச்சலோடு போயிற்று. எம் மனைவியாருக்கோ மூச்சுத்திணறல் கண்டு, பத்தொன்பது நாள் மருத்துவமனையில் இருக்கலாயினார். உள்ளே எவரும் செல்லலாகாது. யாம் நாடோறும் வாயிற்கதவின் எதிரே ஒரு புங்க மரத்தடியில் நின்றிருந்து திரும்புவோம். ஐந்தாம் நாள் செவிலியர் ஒருவர் இரங்கித் தம் கைப்பேசியைக் கொடுத்துப் பேசச் செய்தார். “வாசற் செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டீர்களா?” என்று ஒரு குரல் கேட்டது. உலர்ந்து, கரகரத்து, முன்னையதினும் வேறுபட்டிருந்தது அக்குரல். ஆயினும் முதற் சொல்லிலேயே இன்னார் என்று அறிந்தோம். தண்ணீர் விட்டிருந்தோமல்லோம், விட்டதாகப் பொய் கூறினோம்.

அவர் பிழைத்து வீடு வந்தார். எம்மோடு இக்கல்லூரியில் ஒரே வகுப்பிற் பயின்ற நண்பர் மூவர் அவ்வாண்டிலே தத்தம் துணையை இழந்தனர். இதனைப் படிக்கும் பழைய மாணாக்கர் சிலர் அவர்களை அறிவர். எம் மனைவியாருக்குக் குரற் கரகரப்பு நீங்கவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அதுமுதல் யாம் வேறொரு வகைப் பிழையில் விழுந்தோம். ஏறாதே, நடவாதே, வெயிலிற் போகாதே என்று எதற்கெடுத்தாலும் அவரைத் தடுக்கத் தொடங்கினோம். முன்னர் மறந்து விட்டுச் சென்றோம். பின்னர் அஞ்சி விட்டுச் சென்றோம். விடப்பட்டவருக்கு இரண்டும் ஒன்றே என்பது எமக்கு அப்பொழுது விளங்கவில்லை.

எடின்பரோ நகரில் எம் மகள் குடியிருக்கின்றாள். பேரனைக் காணும்பொருட்டு யாமிருவரும் அங்குச் சென்றோம். அந்நகருக்குக் கிழக்கே, ஃபோர்த் ஆறு கடலொடு கலக்கும் அகன்ற கழிமுகத்தின் தென்கரையில், நார்த் பெரிக் என்னும் சிற்றூர் உளது. ரயில் வண்டியில் அரைமணி நேரத்திற்குச் சற்று மிகுதியாகும். அவ்வூர்க் கரையினின்று நோக்கினால் கடல் நடுவே ஒரு பெரும் பாறை செங்குத்தாய் எழுந்து நிற்கின்றது. அதுவே பாஸ் பாறை. உயரம் 107 மீட்டர். முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் எரிமலை ஒன்றின் கழுத்தில் உறைந்து இறுகிப்போன கற்குழம்பு அஃது. சூழ இருந்த மென்பாறை தேய்ந்தழிய, இஃது எஞ்சி நிற்கின்றது. பழங்காலத்தில் அதன்மீது ஒரு கோட்டை இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் அக்கோட்டை சிறைக்கூடமாயிற்று. 1902இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் 1988 முதல் காவலரின்றித் தானே இயங்குகின்றது. இப்பொழுது அப்பாறையில் மனிதர் எவரும் குடியிருப்பதில்லை. குடியிருப்பன கேனட் என்னும் கடற்பறவைகள். விலங்கியலார் அதற்கு இட்ட மோரஸ் பஸ்ஸானஸ் என்னும் பெயரின் பிற்பகுதியே இப்பாறையின் பெயரினின்று வந்ததாகும். அவ்வினத்திற்கு உலகிலுள்ள குடியிருப்புக்களுள் மிகப் பெரியவற்றில் ஒன்று இஃது.

படகேறும் நாளில் காற்று வீசிற்று. துறைமுகத்தருகே தேநீர்க் கடை ஒன்றைக் கண்டு, “நீ இங்கே அமர்ந்திரு, ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடுகின்றோம்” என்றோம். எம் மனைவியார் கடையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். “முப்பது வருஷம் கரையில் இருந்தாயிற்று. இன்றைக்கு நானும் வருகிறேன்” என்றார். கோபமின்றித்தான் சொன்னார். எமக்கு மறுமொழி தோன்றவில்லை. மகளின் சிறு தூரதிருஷ்டிக் கண்ணாடியை அவர் கையிற் கொடுத்தோம். சால்வையைத் தலையைச் சுற்றி இறுக்கிக்கொண்டு அவர் எமக்கு முன்னரே படகில் ஏறிவிட்டார்.

படகு முதலிற் கிரெய்க்லீத் என்னும் சிறு தீவை அணுகிச் சென்றது. அங்கே பஃபின் என்னும் பறவை மண்ணில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். கறுப்பும் வெள்ளையுமான சிற்றுடலும், பல நிறம் தீட்டியது போன்ற அகன்ற அலகும் உடையது. அது எம் குறிப்பேட்டில் இல்லாத இனம். அதனைக் காணவேண்டும் என்னும் வேட்கை எம்மைப் பிடித்தாட்டியது. அன்று தீவருகே ஒன்றும் தென்படவில்லை. ஏமாற்றத்துடனே பாறையை நோக்கிச் சென்றோம்.

தொலைவிலிருந்து காணுங்கால் பாறையின் மேற்புறம் பனி மூடியது போல வெண்மையாய் இருந்தது. அண்மிச் செல்லச் செல்ல அவ்வெண்மை அசைந்தது. முழுவதும் பறவைகள்! ஒவ்வொரு படியிலும் பிளவிலும் ஒன்றுக்கொன்று அலகு எட்டும் தூரமே இடைவெளியாகக் கூடுகள். வானமெங்கும் கருநுனிச் சிறகுகள். பல்லாயிரம் தொண்டைகளினின்று எழும் கரகரத்த ஒலி காற்றையும் அலையையும் அடக்கிற்று. எச்சத்தின் நாற்றமோ சொல்லுந்தரமன்று. படகிலிருந்த பலர் மூக்கைப் பொத்திக்கொண்டனர். எம் மனைவியார் மட்டும், “நம் ஊர்க் கருவாட்டுச் சந்தையைவிட மோசமில்லை” என்றார்.

கேனட் பெரிய பறவை. விரித்த சிறகு ஏறத்தாழ ஆறடி. எடை மூன்று கிலோ. தலையில் வெளிறிய மஞ்சட் பூச்சு. விழியோ வெளிறிய நீலம் கலந்த சாம்பல் நிறம். மீனைக் கண்டதும் முப்பது மீட்டர் உயரத்தினின்றும் தலைகீழாய் வீழும். நீரைத் தொடும் கணத்தில் சிறகுகளைப் பின்னுக்கு மடக்கி ஈட்டியாய் மாறும். அப்பொழுது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். அவ்வேகத்திலும் தலை சிதறாதது ஏன் என்று கேட்கத் தோன்றும். அதற்கு வெளிமூக்குத் துளைகள் இல்லை. முகத்திலும் மார்பிலும் தோலின்கீழ்க் காற்றுப் பைகள் உள. அவை மெத்தைபோல் அடியைத் தாங்குகின்றன.

அதன் இல்வாழ்க்கை அதனினும் வியப்பானது. ஆண்டுக்கு முட்டை ஒன்றே. பிற பறவைகள்போல் வயிற்றால் அணைக்காது, சவ்வுக் காலடிகளை முட்டையின்மேற் பரப்பி ஆறு வாரத்திற்கு மேலாக அடைகாக்கும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அவ்வேலையைச் செய்யும். ஒன்று கடலுக்குப் போனால் மற்றொன்று கூட்டை விட்டு அகலாது. புறப்படும் பறவை சொல்லாமற் போவதில்லை. கழுத்தை நீட்டி, அலகை வானோக்கி நிமிர்த்தி, அவ்வாறே சில அடி நடந்து பின்னரே பறக்கும். ‘யான் செல்கின்றேன், நீ இரு’ என்று துணைக்கு அறிவிக்கும் குறிப்பு அஃது என்பர் அறிஞர். படகிலிருந்த வழிகாட்டி இதனைக் கூறியபோது, எம் மனைவியார் எம் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பாராதிருந்ததே போதுமானதாயிருந்தது.

இப்பறவைகளின் வழக்கங்களை நாமறியச் செய்தோருள் முதன்மையானவர் பிரையன் நெல்சன் என்னும் விலங்கியலறிஞர். 1960களின் தொடக்கத்தில், இப்பாறையிலுள்ள பாழடைந்த ஆலயத்தின் சுவர்களுக்குள் ஒரு மரக்குடில் அமைத்து, மூன்றாண்டுகள் பறவைப் பருவமெல்லாம் அதிலே தங்கி ஆராய்ந்தார். அவர் 2015இல் காலமானார். வழிகாட்டி இதனைக் கூறி, அவருடைய மனைவியாராகிய ஜூன் அம்மையாரும் அக்குடிலிலே உடன் தங்கினார் என்றார். “அந்த அம்மாளும் கூடவே இருந்தாராமே!” என்றார் எம் மனைவியார். இம்முறை எம்மைத் திரும்பியே பார்த்தார்.

பாறையின் கிழக்குப் புறத்தே படகு வேகந் தணிந்து மிதந்தது. கீழ்ப்படிகளிலுள்ள கூடுகள் வெகு அண்மையில் தெரிந்தன. அவ்வேளையில் இடப்புறத்திலிருந்த ஒருவர், “பஃபின்! அதோ நீரில்!” என்று கூவினார். அதே கணத்தில் எம் மனைவியார் எம் சட்டைக் கையைப் பற்றி இழுத்தார். “இரு, இரு” என்று சொல்லி, கையை விடுவித்துக்கொண்டு இடப்புறம் ஓடினோம். கண்ணாடியைக் கண்ணில் வைத்தபோது பஃபின் முழுகிவிட்டது. அது முழுகிய இடத்து வட்டமாய்ப் பரவிய அலையை மட்டும் கண்டோம். படகு திரும்பியதும் அவ்வலையும் மறைந்தது.

வெறுங்கையராய்த் திரும்பி வந்து, “என்ன?” என்றோம்.

“அந்த மூன்றாம் படியில் இப்போது வந்து இறங்கியதே, அதைப் பாருங்கள். அதற்குக் கண் கறுப்பாய் இருக்கிறது.”

“நிழலாயிருக்கும்” என்றோம்.

“பக்கத்திலிருப்பதற்கு வெள்ளைக் கண். ஒரே வெயிலில்தான் இரண்டும் நிற்கின்றன.”

கண்ணாடியைத் திருப்பினோம். அவர் கூறியது உண்மை. வெளிறிய விழியிருக்கவேண்டிய இடத்தில் மைபோன்ற கருமை. முப்பதாண்டு பறவை பார்த்த யாம் அன்று அப்பாறையில் ஆயிரக்கணக்கான கேனட்டுகளைக் கண்டும் ஒன்றன் விழியையேனும் உற்று நோக்கினோமல்லோம். எண்ணிட்டு எழுதியதும் எமக்கு அவ்வினம் முடிந்துவிட்டது.

வழிகாட்டியை அழைத்துக் காட்டினோம். அவ்விளைஞர் முகம் மாறிற்று. பின்னர் அவர் கூறியதன் சுருக்கம் வருமாறு: 2022ஆம் ஆண்டுக் கோடையில் பறவைக் காய்ச்சல் இப்பாறையைத் தாக்கியது. கூடுகளிலும் கடலிலும் கேனட்டுகள் மடிந்து கிடந்தன. 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிற் கூட்டிடங்கள் 75,000க்கு மேல் இருந்தன. 2023இல் ஆளில்லாச் சிறு வானூர்தியால் படமெடுத்து எண்ணியபோது அவை 52,000க்குச் சற்றுக் குறைவாய் இருந்தன. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அழிந்துபோயிற்று. ஆனால் நோயுற்ற எல்லாப் பறவையும் இறக்கவில்லை. பிழைத்தவற்றுட் சிலவற்றின் விழி கறுத்திருந்தது. அறிஞர்கள் சில பறவைகளைப் பிடித்து இரத்தத்தைச் சோதித்தபோது, நோய் வந்து போனதற்கு அடையாளமான எதிர்ப்புப் பொருள் காணப்பட்டவற்றுட் பெரும்பாலானவை கறுத்த விழியுடையன என்று அறிந்தனர். ஆகவே அவ்விழி பிழைத்தமைக்கு அடையாளம்.

யாமிருவரும் அக்கூட்டையே நோக்கிக்கொண்டிருந்தோம். கறுத்த கண்ணுடையது கடற்பாசிக் கொத்தொன்றை அலகிற் கொணர்ந்திருந்தது. கூட்டிலிருந்தது எழுந்து நின்றது. இரண்டும் மார்போடு மார்பு பொருந்தச் சிறகை அகற்றி நின்று, அலகோடு அலகை வாட்போர் செய்வதுபோல் உரசின, தலை தாழ்த்தின, மீண்டும் நிமிர்ந்து உரசின. கேனட் துணைகள் பிரிந்து கூடும்போது செய்யும் வரவேற்பு அது. சுற்றிலும் ஆயிரக்கணக்கான பறவைகள் கத்திக்கொண்டிருந்தன. அவ்விரண்டும் அதனைப் பொருட்படுத்தியதாகத் தோன்றவில்லை. அவற்றின் காலடியிலே, கறுத்த தோல் மூடிய குஞ்சின் தலை ஒன்று ஆடிற்று.

இவ்விரண்டும் நோய்க்கு முன்னிருந்தே கூடி வாழ்வனவோ, அன்றி ஒன்று துணையை இழந்து பின்னர் மற்றொன்றைக் கூடியதோ, எவரும் சொல்லவியலாது. அப்பாறையில் அவ்வாண்டு எத்தனைக் கூடுகளில் ஒன்று மட்டும் திரும்பி வந்து நின்றதோ! எம் நண்பர் மூவரை நினைந்தோம். நம் புலவர்கள் துணை பிரியாமைக்கு அன்றிலைச் சான்று காட்டினர். ஒன்று பிரிந்தால் மற்றொன்று உயிர்வாழாது என்றும் பாடினர். கண்கூடாகக் கண்ட கேனட்டோ வேறொன்று கற்பிக்கின்றது: நோயுற்றும், உரு மாறியும், இழந்தும், பருவம் வந்தபோது பாறைக்குத் திரும்பி, பாசி சுமந்து கூடு கட்டவேண்டும். இஃது அன்றிலின் அன்பினும் குறைந்ததென்று எமக்குத் தோன்றவில்லை.

“அத்தனைக் கூட்டத்தில் தன் கூட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்று எம் மனைவியார் கேட்டார். கூடு இருக்கும் இடம் அதற்கு நன்றாய்த் தெரியும் என்றார் வழிகாட்டி. கூட்டிலிருப்பது வருவதை அறிவது குரலால். பல பறவைகளின் குரலை ஒலிப்பதிவு செய்து கேட்பித்தபோது, அடைகாக்கும் பறவை தன் துணையின் குரலுக்குத் தலை நிமிர்த்தியது. பிறவற்றின் குரலைப் பெரிதும் புறக்கணித்தது. இவ்வாராய்ச்சியை முன்னரே யாம் படித்திருந்தோம். படித்தபோது அது வெறுஞ் செய்தி. அன்று படகில் எம் மனைவியார் தமது கரகரத்த குரலில் அக்கேள்வியைக் கேட்டபோது, புங்க மரத்தடியும் கைப்பேசியும் நினைவிற்கு வந்தன. “செம்பருத்திக்கு அன்று தண்ணீர் விடவில்லை” என்றோம். எத்தொடர்புமின்றிச் சொன்ன அதனை அவர் உடனே விளங்கிக்கொண்டார். “தெரியும். வந்து பார்த்தபோது இரண்டு கிளை காய்ந்திருந்தது” என்றார்.

கரைக்குத் திரும்பி ரயில் வண்டியில் அமர்ந்ததும் வழக்கப்படி குறிப்பேட்டைத் திறந்தோம். தேதி, இடம், காற்றின் திசை, கேனட், எண்ணிக்கை என்று எழுதினோம். பஃபின் என்று எழுதுவதற்கில்லை. நீரில் வட்டமிட்ட அலையை மட்டும் கண்டவர் எழுதலாகாது என்பது பறவை நோக்குவோர் முறை. எம் மனைவியார் கைநீட்டிக் குறிப்பேட்டை வாங்கினார். முப்பதாண்டுகளில் முதன்முறையாக அதில் வேறொருவர் கையெழுத்து விழுந்தது. “கறுத்த கண்ணுள்ளது ஒன்று. பாசி கொண்டு வந்தது. மற்றது எழுந்து நின்றது.” இவ்வளவே அவர் எழுதியது. யாம் எழுதிய பக்கங்களுள் இத்துணை உண்மையாய்ப் பார்த்து எழுதியது ஒன்றுண்டோ என்று தேடிப் பார்த்தோம், காணவில்லை.

மாணாக்கர்க்கு ஒரு வார்த்தை கூறி முடிப்போம். நம் கல்லூரிக் குளத்தில் முக்குளிப்பான் இன்றும் உண்டு. பறவைகளை எண்ணுவது நல்லதே; 2014இலும் 2023இலும் எண்ணியவர் இருந்தமையாலன்றோ அப்பாறையின் இழப்பு இன்னதென்று உலகம் அறிந்தது. ஆயினும் எண்ணி முடித்தபின் ஒன்றையேனும் நின்று நோக்குங்கள். கூடுமாயின் உங்கள் வீட்டாருள் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இதனை யாம் காலந்தாழ்த்துக் கற்றோம்.

இப்பொழுது வாரந்தோறும் சனிக்கிழமைக் காலையில் யாமிருவரும் ஏரிக்கரைக்குச் செல்கின்றோம். எம் மனைவியாருக்கு மூச்சு வாங்குமாதலால் மிக மெல்ல நடக்கின்றோம். பத்தடிக்கு ஒருமுறை நிற்கின்றோம். முன்னெல்லாம் யாம் விரைந்து சென்று கரையேறும்போதே நீர்ப்பறவைகள் எழுந்து பறந்துவிடும். இப்பொழுது அவை பறப்பதில்லை.